நீங்க யாருக்கு எழுதிக் கொடுக்கிறீங்க, மேடம்?

உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் சிறைக்குள் இருக்கும் ஒருவரை மறுவாழ்வுப் பணிக்காகப் போய்ப் பார்த்தால், நம் பெயரைக் கேட்பதற்கு முன் அவர் கேட்பது இதைத்தான். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள். சிலர் கையில் இருக்கும் நோட்டைப் பார்ப்பார்கள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், அப்புறம் எதைக் கேட்டாலும் "தெரியல" என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கைவசம் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. இத்தனை வருட வேலையில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான். மற்ற நுணுக்கமெல்லாம் இதற்குப் பிறகுதான் உதவும்.

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர். சென்னையில் படித்தேன், சென்னையிலேயே வேலை. சிறையில் இருப்பவர்களையும், ஜாமீனிலோ தண்டனை முடிந்தோ வெளியே வந்தவர்களையும், அவர்கள் குடும்பங்களையும் சந்தித்துப் பேசுவது அந்த வேலையில் ஒரு பகுதி. இந்தப் பக்கம் வர விரும்பும் இளையவர்கள் "எப்படிப் பேசுறது? என்ன கேக்குறது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளூர் போலீஸ், தமிழ்நாடு போலீஸின் உளவு பார்க்கும் கியூ பிரிவு, தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. என்று பலர் அவரை விசாரித்து முடித்திருப்பார்கள். உபாவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் அவகாசத்தை 180 நாள் வரை நீட்டிக்கலாம். 43டி(5) பிரிவு இருப்பதால் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. விசாரணை முடிய வழியே தெரியாதபோது நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கலாம் என்று நஜீப் என்ற விசாரணைக் கைதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. அதற்குள் அந்த மனிதர் ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். இப்படிக் காத்திருக்கும் ஒருவருக்கு, எதிரே வந்து உட்காரும் எல்லோரும் ஒரே ஆபீஸிலிருந்து வந்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தபோது, அந்த வாக்குமூலங்களுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. அந்த 26 பேரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 1991இல் கைதான பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் விடுதலை செய்தது. எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் கனம் எவ்வளவு என்று இங்கே சிறைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். உபாவில் தடாவின் 15ஆம் பிரிவைப் போன்ற ஏற்பாடு கிடையாது. ஆனால் அதைச் சொல்லி ஒருவரின் பயத்தைப் போக்கிவிட முடியாது.

அதனால் முதல் சந்திப்பில் நான் பெரும்பாலும் கேட்பதில்லை, சொல்கிறேன். ஏறக்குறைய இப்படி: "தம்பி, நான் போலீஸ் இல்ல, வக்கீலும் இல்ல. உங்க கேஸைப் பத்தி ஒரு கேள்வி கேக்க மாட்டேன். நீங்களா சொல்ல வந்தாலும் நிறுத்தச் சொல்லுவேன். நான் எழுதுறதை உங்ககிட்ட படிச்சுக் காட்டுவேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் சொல்லியாகணும். அதை இப்பவே சொல்லிடுறேன். பேச இஷ்டமில்லன்னா எழுந்து போகலாம். அதனால உங்களுக்கு ஒண்ணும் கெடுதல் வராது."

கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமானால் அதற்கு முன்கூட்டியே வேலை செய்ய வேண்டும். சிறைக் கண்காணிப்பாளரிடமும் நல அலுவலரிடமும் பேசி, "வரல என்று சொன்னவர் மேல் எந்தக் குறிப்பும் ஏறக் கூடாது" என்று ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு நீங்கள் சொன்னது பொய் என்று அடுத்த வாரமே தெரிந்துவிடும்.

விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த வேலைக்கு வருபவர்கள் முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். விசாரணைக் கைதி சட்டப்படி குற்றவாளி இல்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 20(3) பிரிவு. அவரிடம் போய் "ஏன் அந்த இயக்கத்தில் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டால் மறுவாழ்வு என்ற பெயரில் விசாரணைதான் நடக்கும். அவரிடம் பேச வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன: தூக்கம், உடம்பு, வீட்டுக் கடிதம், பாதியில் நின்ற படிப்பு, வக்கீல் வந்தாரா இல்லையா. நடந்ததைப் பற்றிய பேச்சு, தீர்ப்பு வந்து, மேல்முறையீடும் முடிந்தவரோடு மட்டும்தான். இந்தக் கோட்டைத் தாண்டச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். "சும்மா பேச்சுவாக்குல அந்த ரெண்டு பேர் பேரைக் கேட்டுப் பாருங்களேன்" என்று ஓர் அதிகாரி சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அமெரிக்காவில் தடுப்புக் காவல் கைதிகளை வதைக்கும் விசாரணை முறைகளை உருவாக்கியதில் உளவியலாளர்களுக்கே பங்கிருந்தது. அதன் பிறகுதான் அந்நாட்டு உளவியல் சங்கம் 2015இல், தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் தன் உறுப்பினர்கள் கலந்துகொள்ளத் தடை விதித்தது. நம் தொழிலுக்கு அந்தக் களங்கம் உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதுதான் முக்கியம். நான் நோட்டை மேஜையின் நடுவில், அவரும் படிக்கிற மாதிரி வைத்து எழுதுவேன். பேச்சு முடிந்ததும் எழுதியதை வாய்விட்டு வாசிப்பேன். வேண்டாம் என்று அவர் சொல்வதை அவர் கண் முன்னால் அடிப்பேன்.

ஒரு தண்டனைக் கைதி, இருபதுகளின் நடுவில் இருந்தார். மேல்முறையீடு முடிந்திருந்தது. நல அலுவலர் அறையில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே அன்று பேசியதை வாசித்துக்கொண்டு வந்தேன். "கூட்டாளி கூப்பிட்டான், போனேன். அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது" என்ற வரி வந்ததும் கையை நீட்டி அந்த வரி மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "இதை அடிச்சிருங்க மேடம். கோர்ட்டுல அப்படித்தான் சொன்னேன். தெரிஞ்சுதான் போனேன்."

அடித்தேன். மேலே எதுவும் துருவவில்லை. எங்கே, யாரோடு என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "போறதுக்கு முன்னாடி வீட்டுல யாருகிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சா?"

"தங்கச்சிகிட்ட. அவ டியூஷன் போயிருந்தா."

அதற்குப் பிறகு வந்த சந்திப்புகளில் பேச்சு பெரும்பாலும் அந்தத் தங்கையைச் சுற்றியே போனது. அவருக்கும் எங்களுக்கும் பிடிமானமாக இருந்ததும் அந்தப் பேச்சுதான். "தெரிஞ்சுதான் போனேன்" என்று அவர் தானாகச் சொன்னது பெரிய நகர்வு. வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் அது வந்திருக்காது. என்ன எழுதினோம் என்று மறைக்கும்போது, நீதிமன்றத்தில் சொன்ன கதையையே நம்மிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிரிட்டனில் லாரன்ஸ் அலிசன், எமிலி அலிசன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயங்கரவாத வழக்குகளின் நூற்றுக்கணக்கான விசாரணைக் காணொளிகளை உட்கார்ந்து பார்த்து அலசினார்கள். 2013 முதல் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. மரியாதையோடு, பேசுவதா வேண்டாமா என்பதை எதிரே இருப்பவர் கையில் விட்டுப் பேசிய இடங்களில் கைதிகள் அதிகம் பேசினார்கள். மிரட்டலும் குத்தலும் வந்த இடங்களில் வாய் மூடிப்போனது. அவர்கள் பார்த்தது போலீஸ் விசாரணையை, நாம் செய்வது வேறு வேலை. ஆனாலும் அறைக்குள் நடப்பது ஒன்றுதான். ஐ.நா.வின் சித்திரவதை தொடர்பான முன்னாள் சிறப்பு அறிக்கையாளர் ஹுவான் மெண்டெஸ் பெயரில் 2021இல் வந்த கோட்பாடுகளும் வற்புறுத்தல் இல்லாத நேர்காணலைத்தான் வலியுறுத்துகின்றன. மெண்டெஸ் 1970களில் அர்ஜென்டினாவில் கைதாகிச் சித்திரவதைக்கு ஆளானவர். அறையின் இரண்டு பக்கத்தையும் அறிந்த ஒருவர் சொல்வதால் எனக்கு அதில் கூடுதல் மதிப்பு.

மரியாதை சின்னச் சின்ன ஏற்பாடுகளில் இருக்கிறது. வயது எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் "நீங்க" என்றுதான் பேசுவேன். மனு நாளில், அதாவது வீட்டார் வந்து பார்க்கும் நாளில், போக மாட்டேன். வீட்டார் வருவார்கள் என்று காலையிலிருந்து காத்திருப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது கொடுமை. கோர்ட்டுக்குப் போய் வந்த நாளிலும் வேண்டாம், வேனில் போய்த் திரும்பியவருக்கு உடம்பில் தெம்பே இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம், நோன்பு மாதத்து மாலை, இதையெல்லாம் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். கதவைப் பார்த்த மாதிரி அவருக்கு நாற்காலி போடுங்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அவருக்குப் பேச்சே வராது.

வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றாத ஆபத்து ஒன்று உண்டு. உயர் பாதுகாப்புத் தொகுதியிலிருந்து ஒருவரை மட்டும் வார்டர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், திரும்பிப் போனதும் மற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" ஒரே வழக்கில் உள்ளவர்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் அவர்களுக்குள் ஒரு மூத்தவர் இருப்பார், அவர் சொல் செல்லும். நாம் உதவப் போனவர் ஆள்காட்டி என்று பெயர் வாங்கிவிடுவார். அதனால் தொகுதியில் உள்ள எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிட வேண்டும், எல்லோருக்கும் ஏறக்குறைய அதே நேரம் ஒதுக்க வேண்டும். பேச விரும்பாதவர்கூட அந்த நேரம் முழுக்க உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டுப் போகட்டும். அதிகாரிகளுக்கு இது நேர விரயமாகத் தோன்றும். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பழைய தலைமை வார்டர்களுக்கு விளக்கவே தேவையில்லை, அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சரி, என்ன கேட்பது? "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை நான் தவிர்க்கிறேன். "ஏன்" என்றதும் தயாராக வைத்திருக்கும் உரை வந்துவிடும். ஒரு தாளில் நீளமாகக் கோடு இழுத்து, பிறந்தது ஒரு முனையில், இன்று மறு முனையில் என்று வைத்து, நடுவில் நடந்தவற்றை அவரையே குறிக்கச் சொல்வேன். பத்தாம் வகுப்பு, அப்பா வளைகுடாவுக்குப் போனது, முதல் சம்பளம், யாரோ எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியது, ஒரு புது நண்பர் வட்டம். எழுதி முடித்ததும் "இதுல எந்த வருஷம் நீங்க நல்லா இருந்தீங்க?" என்று கேட்பேன். பலர் கை வைப்பது அந்தப் புது நண்பர் வட்டம் வந்த வருடத்தின் மேல்தான். அங்கே தன்னை ஒரு ஆளாக மதித்தார்கள், பொறுப்புக் கொடுத்தார்கள், தன் சமூகத்துக்கு நடக்கும் அநியாயத்துக்குத் தானும் ஏதோ செய்கிறோம் என்ற நிறைவு இருந்தது. உளவியலாளர் ஆரி க்ரூக்லான்ஸ்கி இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார்: தான் ஒரு பொருட்டு என்ற உணர்வுக்கான தேடல் மனிதரை வன்முறை வரைக்கும் இழுத்துப் போகும், அந்த உணர்வு வேறு வழியில் கிடைத்தால் அதிலிருந்து திரும்பி வரவும் வைக்கும்.

அவரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்த இடங்களில் ஒன்று இலங்கை. 2009 மேயில் போர் முடிந்த பிறகு விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் என்று சொல்லப்பட்ட சுமார் 12,000 பேரை மறுவாழ்வு மையங்களில் வைத்திருந்தார்கள். தச்சு, தையல், மொழிப் பயிற்சி எல்லாம் நடந்தது. தீவிர நிலைப்பாடு குறைந்ததாக ஆய்வு சொன்னது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மேல் எந்த வழக்கும் தொடுக்கப்படவில்லை, நீதிமன்றத்தைப் பார்க்காமலேயே மறுவாழ்வு என்ற பெயரில் அடைபட்டிருந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் இதைக் கடுமையாகக் கண்டித்தன. "நான் மாறிட்டேன்" என்று சொன்னால்தான் கதவு திறக்கும் என்ற இடத்தில் ஒருவர் சொல்லும் மாற்றத்தை எப்படி அளப்பது? தமிழ் படிப்பவர்கள் அந்த ஆய்வைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொள்கை விவாதத்தில் நான் இறங்குவதில்லை. மத வசனத்துக்கு எதிர் வசனம் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அது என் வேலையும் இல்லை. சிங்கப்பூரில் 2003இல் உலமாக்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) தாமாக முன்வந்து ஒரு மறுவாழ்வுக் குழு அமைத்து, தடுப்புக் காவலில் இருந்தவர்களோடு வருடக்கணக்கில் பேசினார்கள். மார்க்கம் படித்தவர்கள் பேசும்போது அதற்கு எடை உண்டு. கைதி கேட்டால் அவர் மதிக்கும் ஒரு ஆலிமை, அதாவது மார்க்க அறிஞரை, வரவழைக்க ஏற்பாடு செய்யலாம், நாமாகத் திணிக்கக் கூடாது. ஈழ ஆதரவு வழக்குகளிலும் மாவோயிஸ்ட் வழக்குகளிலும் உள்ளே வருபவர்களுக்கு இது பொருந்தவும் பொருந்தாது. எல்லோருக்கும் பொதுவான எல்லை ஒன்றுதான்: வன்முறையை விடுவது நம் இலக்கு, கருத்தை விடுவது அல்ல. கருத்து ரீதியான ஆதரவை மட்டும் வைத்து ஒருவரைப் பயங்கரவாதச் சட்டத்தில் குற்றவாளியாக்க முடியாது என்று, தடாவுக்குப் பிறகு வந்த பொடா சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் சொல்லியிருக்கிறது. ஈழத்தை இன்றும் நேசிக்கும் ஒருவரிடம் போய் அந்த நேசத்தைக் கைவிடச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

அடி வாங்கியதைச் சொன்னால் என்ன செய்வது? நிறையப் பேர் சொல்வார்கள், பெரும்பாலும் பேச்சு முடிந்து எழும்போது. தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க விரும்புகிறாரா, புகார் கொடுக்க விரும்புகிறாரா, முடிவு அவருடையது. காவலில் இருக்கும் எவருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு அனுப்பலாம். சித்திரவதையை எப்படிப் பதிவு செய்வது என்று இஸ்தான்புல் நெறிமுறை சொல்கிறது. மனநலப் பணியாளர்கள் அதைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும்.

குடும்பத்தைப் பார்க்காமல் இந்த வேலை பாதிதான். வடசென்னையில் ஒரு வீடு. தகரப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் அடுக்கிவைத்த கோர்ட் காகிதங்களை ஒவ்வொன்றாக அந்த அம்மா எடுத்துக் காட்டினார். எதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எந்தத் தேதிக்கு எது என்று மட்டும் தெரியும். அப்புறம் கேட்டார்: "மனுவுல கொஞ்ச நேரந்தாம்மா குடுக்குறாங்க. அழுதே முடிஞ்சிடுது. நான் அவன்கிட்ட என்னதான் பேசறது?" அன்று நாங்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டோம்: மாடி வீட்டுக் கல்யாணம், தெருவில் புதிதாக வந்த டீக்கடை, தம்பி கணக்கில் வாங்கிய மார்க், வீட்டு வாடகை எப்படிக் கட்டுகிறோம் என்பது. வாடகைக் கஷ்டத்தை மகனிடம் மறைக்கக் கூடாது என்று நான் சொன்னேன், அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த மனுவில் மகன், நகையை அடகு வைக்க வேண்டாம், தன் பழைய முதலாளி பாக்கி வைத்திருக்கும் சம்பளத்தைப் போய்க் கேட்கலாம் என்று யோசனை சொன்னாராம். வீட்டுக்கு இன்னும் தான் வேண்டியவன் என்று அவர் உணர்ந்த நாள் அது என்று நினைக்கிறேன்.

அறிக்கை எழுதும்போது வரும் தொல்லை: "திருந்திட்டாரா இல்லையா, ஒரே வரியில சொல்லுங்க." ஒரே வரியில் சொல்ல மாட்டேன். மனதுக்குள் என்ன இருக்கிறது என்று எழுத மாட்டேன், பார்த்ததை எழுதுவேன்: படிப்பில் சேர்ந்தாரா, சண்டை வந்தபோது என்ன செய்தார், வெளியே போனால் யாரோடு தங்குவதாகச் சொல்கிறார், பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தானாகப் பேசினாரா. வெளிநாடுகளில் தயாரித்த ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்கள் உண்டு. அவற்றைப் பேச்சுக்கான தலைப்புகளாகப் பயன்படுத்துகிறேன், மதிப்பெண் போட்டுக் கூட்டிக் கொடுப்பதில்லை.

வெளியே வந்த முதல் சில மாதங்கள்தான் மிகவும் இறுக்கமானவை. வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்வார், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும், பழைய நண்பர்களைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியாது. இந்த நேரத்தில் மணிக்கணக்கில் ஆலோசனை சொல்வதைவிட, கூடவே நாலு ஆபீஸ் ஏறி இறங்குவது உதவும். ஜாமீன் நிபந்தனைகளையும் ஒருமுறை வரிக்கு வரி படித்துவிடுங்கள். தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தால், எந்த வேலையில் நிலைத்திருக்க முடியும்? அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறையில் சேர்ந்த ஒருவருக்கு இதனால் வேலை போகும் நிலைமை. வக்கீலிடம் சொல்லி நிபந்தனைத் தளர்வு மனு போட்டோம், பட்டறை முதலாளியே நேரில் வந்து வேலை நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன் அந்த முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு "பையன் மேல என்ன கேஸு?" என்று கேட்டார். "அவரையே கேளுங்க சார், சொல்லுவார்" என்றேன். கேட்டார், சொன்னார். வாரத்துக்கு ஒருநாள் கையெழுத்து என்று கோர்ட் மாற்றிக் கொடுத்தது. திங்கட்கிழமை மட்டும் அவர் கொஞ்சம் தாமதமாக வேலைக்குப் போகிறார்.